லோயாங் பணிமனைக்கு ஒரு பாதுகாப்பு மேலாண்மை அமைப்பு: கையேட்டை மூடிவைத்துவிட்டுத் தொடங்குங்கள்

கேள்வி கேட்டவர் சிங்கப்பூரின் லோயாங்கில், விமானங்களின் ஹைட்ராலிக் பாகங்களை, அதாவது திரவ அழுத்தத்தால் இயங்கும் பாகங்களைப் பழுதுபார்க்கும் பணிமனை ஒன்றில் தர மேலாளர். ஐம்பது பேர் அளவில் வேலை செய்கிறார்கள். பாதிப்பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், மற்றவர்கள் சீனர்கள், மலாய்க்காரர்கள், பிலிப்பினோக்கள். இயக்குநர் ஒருநாள் அவரை அழைத்து, "இனிமேல் பாதுகாப்பு மேலாண்மையும் உங்கள் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். ஆலோசகர் ஒருவர் தடிமனான கையேடு ஒன்றை எழுதித் தந்திருக்கிறார். பாதுகாப்புக் குறைகளை ஊழியர்கள் எழுதிப் போடச் சுவரில் பெட்டி மாட்டியாயிற்று. மாதக்கணக்கில் அதில் விழுந்தது ஒரே ஒரு தாள். சாப்பாட்டு அறையின் தண்ணீர் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று அதில் எழுதியிருந்ததாம். எங்கள் ஆட்களை எப்படிப் பேசவைப்பது, தணிக்கைக்கு இந்தக் கையேடு போதுமா, ஐரோப்பிய, அமெரிக்க அங்கீகாரங்களுக்குத் தனித்தனியாக அமைக்க வேண்டுமா என்று கேட்கிறார்.

முதலில் சுருக்கமான பதில். அந்தக் கையேடு தணிக்கையின் முதல் படியைத் தாண்ட உதவும், அதற்கு மேல் உதவாது. இன்று ஒழுங்குமுறை அதிகாரிகள் பலரும் ஒரு நிறுவனத்தின் பாதுகாப்பு மேலாண்மை அமைப்பை, அதாவது ஆபத்துகளை முன்கூட்டியே கண்டறிந்து குறைக்கும் ஏற்பாட்டை, நான்கு கேள்விகளால் எடைபோடுகிறார்கள்: அது இருக்கிறதா, நிறுவனத்தின் அளவுக்கும் வேலைக்கும் பொருந்துகிறதா, இயங்குகிறதா, பலன் தருகிறதா. கையேடு முதல் கேள்விக்கு மட்டுமே 'ஆம்' சொல்லும். மற்ற மூன்றுக்கும் பதில் பணிமனைக்குள்தான் இருக்கிறது. நான் விமானப் பராமரிப்பிலும் பிறகு பாதுகாப்புத் தணிக்கையிலும் வேலை செய்தவன். இந்த அமைப்பு உயிரோடு இருந்த இடங்களில் எல்லாம், தவறொன்றைக் கண்டு முதலில் வாய்திறந்த மனிதர் மரியாதையாக நடத்தப்பட்டிருந்தார். செத்துப்போன இடங்களில் அவர் தண்டிக்கப்பட்டிருந்தார், அல்லது யாரும் அவருக்குப் பதிலே சொல்லவில்லை. ஆகவே உங்கள் உழைப்பில் பெரும்பங்கை அந்த ஒருவருக்காகச் செலவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. இனி விரிவாகச் சொல்கிறேன்.

விதி எங்கிருந்து வருகிறது என்பதைச் சில வரிகளில் முடித்துவிடலாம். 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின்கீழ் இயங்கும் அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, அந்த உடன்படிக்கையின் பல இணைப்புகளில் சிதறிக்கிடந்த பாதுகாப்பு மேலாண்மை விதிகளைத் திரட்டி 19-ஆம் இணைப்பாக வெளியிட்டது. அது 2013 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் பதிப்பு 2019 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. விமான நிறுவனங்கள், அவற்றுக்கு வேலை செய்து தரும் பராமரிப்பு நிறுவனங்கள், விமான நிலையங்கள், வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு, பயிற்சிப் பள்ளிகள், விமானத்தை வடிவமைப்போர், கட்டுவோர் என எல்லாரும் அதற்குள் வருகிறார்கள். கொள்கை, இடர் மேலாண்மை, உறுதிப்பாடு, ஊக்குவிப்பு என்று நான்கு பகுதிகள். அவற்றுக்குள் 12 கூறுகள். இந்தப் பட்டியல் உங்கள் கையேட்டிலேயே இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்தப் பன்னிரண்டில் ஐந்து கூறுகள் கொள்கைப் பகுதியைச் சேர்ந்தவை, இரண்டே இரண்டுதான் இடர் மேலாண்மையைச் சேர்ந்தவை. உண்மையான வேலையில் பெரும்பகுதி அந்த இரண்டில் இருக்கிறது. ஆலோசகர்கள் எழுதும் கையேடுகளில் பக்கங்கள் இதற்கு நேர்மாறாகப் பிரிந்திருக்கும்.

நீங்கள் தர மேலாளர் என்பதால், தரக் கட்டுப்பாடு இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்ற கேள்வி உங்களுக்குள் இருக்கலாம். அதற்குச் சிங்கப்பூருக்குப் பக்கத்திலேயே வானில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2010 நவம்பர் 4 காலை சாங்கியிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் ஏ380 விமானம், 469 பேருடன் மேலே ஏறிக்கொண்டிருந்தது. இடப்பக்கத்து இயந்திரம் ஒன்றின் டர்பைன் தட்டு வெடித்துச் சிதறியது. துண்டுகள் இறக்கையைத் துளைத்துச் சென்றன. சில பாகங்கள் பாத்தாம் தீவில் விழுந்தன. எச்சரிக்கைகள் வரிசையாக வந்துகொண்டே இருக்க, விமானிகள் பொறுமையாக ஒவ்வொன்றையும் கையாண்டு சாங்கிக்கே திரும்பி இறக்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் இறுதி அறிக்கை 2013-இல் வந்தது. இயந்திரத்துக்குள் எண்ணெய் கொண்டுசெல்லும் ஒரு குட்டையான குழாய். அதன் உட்துளை மையம் விலகிக் கடையப்பட்டிருந்ததால் ஒரு பக்கச் சுவர் மெலிந்துபோயிருந்தது. அங்கே உலோகம் சோர்ந்து விரிசல் விட்டது, எண்ணெய் கசிந்தது, தீப்பிடித்தது, தட்டு சிதறியது. என்னை உலுக்கியது அடுத்து வந்த பகுதி. அந்தக் குழாய் தயாரான தொழிற்சாலையில், சிறியவை என்று ஊழியர்களே முடிவுசெய்த அளவு விலகல்களை எழுதி அறிவிக்காமல் விடுவது ஏற்றுக்கொள்ளத்தக்கதே என்ற பழக்கம் நிலவியதாக அறிக்கை சொன்னது. தரச் சோதனை முறைகள் எல்லாம் அங்கே இருந்தன. தாள்கள் இருந்தன, முத்திரைகள் இருந்தன. வேலை செய்பவர்களின் கண்ணில் பட்ட விஷயம், முடிவெடுக்க வேண்டியவர்களின் மேசைக்குப் போய்ச் சேரவில்லை. தரக் கட்டுப்பாடு, விதிப்படி நடந்ததா என்று பார்க்கிறது. விதிக்கும் நடப்புக்கும் நடுவே நாள்தோறும் வளரும் இடைவெளி யார் கண்ணுக்குத் தெரிகிறது, அவர் அதை யாரிடம் சொல்கிறார் என்பதைப் பார்ப்பது பாதுகாப்பு மேலாண்மை. உங்கள் பணிமனையும் பாகங்களைக் கையாளும் இடம்தான். அந்த அறிக்கையின் அந்தப் பகுதியை உங்கள் இயக்குநர் படிக்க வேண்டும்.

இயக்குநர் என்றதும் முதல் வேலைக்கு வந்துவிடலாம். "இனிமேல் உங்கள் பொறுப்பு" என்று அவர் உங்களிடம் சொன்னது தவறு. விதிப்படி இறுதிப் பொறுப்பு நிறுவனத்தின் பொறுப்பு நிர்வாகியுடையது. பணத்தையும் ஆட்களையும் ஒதுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அந்த நிர்வாகி. வேலையை உங்களிடம் ஒப்படைக்கலாம். பதில்சொல்லும் கடமையை ஒப்படைக்க முடியாது. இதை அவரிடம் பணிவாக, ஆனால் மழுப்பாமல் சொல்லுங்கள். அவர் கையெழுத்திட்ட கொள்கைத் தாளைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவதால் எதுவும் நடக்காது. மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் அவர் பணிமனைக்குள் உட்கார வேண்டும். அந்த மாதம் வந்த அறிவிப்புகள் எவை, எதற்குப் பணம் வேண்டும், போன மாதம் சொன்னதில் எது நடக்கவில்லை என்பதைக் கேட்க வேண்டும். விற்பனை மேலாளரின் வழியாக இல்லாமல் நேரடியாக அவரைச் சந்திக்கும் உரிமை உங்களுக்கு எழுத்தில் இருக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு வாக்களித்த நாளுக்கும் ஒரு பாகத்தை நிறுத்திவைப்பதற்கும் மோதல் வரும் நாளில் அந்த வரி தேவைப்படும்.

சிறிய நிறுவனத்தில் தரமும் பாதுகாப்பும் ஒரே ஆளிடம் இருப்பது வழக்கம்தான். ஆனால் அமைப்பை நடத்துபவரே அதைத் தணிக்கை செய்யக்கூடாது. பக்கத்துப் பணிமனையின் தர மேலாளரோடு பேசி, நீங்கள் அவருடையதைப் பாருங்கள், அவர் உங்களுடையதைப் பார்க்கட்டும். லோயாங்கிலும் சிலேத்தாரிலும் இதற்கு ஆள் கிடைப்பது கடினமில்லை.

இப்போது பெட்டிக்கு வருவோம். உங்கள் ஆட்கள் ஏன் எழுதவில்லை? சோம்பலும் அலட்சியமும் காரணம் என்று மேலாளர்கள் சொல்வார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். வேலை அனுமதிச் சீட்டிலோ எஸ் பாஸிலோ வந்திருக்கும் ஒருவரின் இடத்திலிருந்து பாருங்கள். அவர் இங்கே தங்கியிருப்பதே முதலாளி கையில் இருக்கிறது. ஊரில் முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடன் இன்னும் அடையாமல் இருக்கலாம். தங்கையின் திருமணமும் தம்பியின் படிப்பும் அவர் அனுப்பும் பணத்தில் நடக்கின்றன. கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தைத் தவறாகப் பொருத்திவிட்டோமோ என்று விடுதிக்குப் போன பிறகு அவருக்குச் சந்தேகம் வந்தால், அதை எழுதிக் கொடுப்பது அவருக்கு எவ்வளவு பெரிய பணயம்! எழுத வேண்டிய படிவமோ ஆங்கிலத்தில், இரண்டு பக்கம், மேலே பெயருக்கும் ஊழியர் எண்ணுக்கும் கட்டம். "நமக்கேன் வம்பு" என்று அவர் போர்வையை இழுத்துக்கொண்டால் அதில் வியக்க எதுவுமில்லை.

மேற்பார்வையாளர் தமிழராக இருந்தால் வேறொரு முடிச்சும் விழும். "அண்ணே, இதை எழுதத்தான் வேண்டுமா?" என்று இளையவர் கேட்பார். "விடு தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பெரியவர் சொல்வார். பாசத்தில்தான் சொல்கிறார், அவர் உண்மையிலேயே அந்தப் பாகத்தைச் சரிசெய்தும் விடுவார். ஆனால் அது ஏன் நடந்தது, அடுத்த ஷிப்டில் மீண்டும் நடக்குமா என்பது அந்த இரண்டு பேருக்குள் முடிந்துபோகிறது. இந்த அண்ணன்களைத்தான் நீங்கள் முதலில் வெல்ல வேண்டும். அவர்கள் எழுதினால் தம்பிகள் எழுதுவார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தரைச்சேவை நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். சரக்கு ஏற்றும் கன்வேயர் வண்டியை ஓட்டிய ஒருவர், வண்டி விமானத்தின் உடற்பகுதியில் இலேசாக இடித்துவிட்டது என்று தானே போய்ச் சொன்னார். விமானம் நிறுத்தப்பட்டு, சோதிக்கப்பட்டு, தாமதமாகப் புறப்பட்டது. அந்த மனிதர் வேலையை இழந்தார். அதன்பிறகு அந்த இடத்திலிருந்து வெகுகாலம் ஒரு மோதல் அறிவிப்புகூட வரவில்லை. நிர்வாகம் அதை முன்னேற்றமாகக் கணக்கு வைத்தது. நினைக்கவே பதறுகிறது. ஏனென்றால் போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற விமானங்களின் உடல் கார்பன் இழைக் கலவையால் ஆனது. அலுமினியத் தகட்டில் இடித்தால் பள்ளம் தெரியும். கலவைப் பொருளில் வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்க முடியும். இடித்தவர் சொன்னால்தான் தெரியும். வேறு யாருக்கும் அது தெரிய வழியில்லை.

ஆகவே முதலில் ஒரு தாளில், தமிழிலும் ஆங்கிலத்திலும் மலாயிலும் சீனத்திலும், எது தண்டிக்கப்படும், எது தண்டிக்கப்படாது என்று எழுதுங்கள். பொதுவான வாசகங்கள் வேண்டாம். உங்கள் பணிமனையின் வேலைகளையே உதாரணமாகக் காட்டுங்கள். மறதி, கைத்தவறு, தெளிவில்லாத வழிமுறையால் வந்த பிழை ஆகியவற்றைத் தானாக வந்து சொன்னால் தண்டனை கிடையாது. இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சைப் பயன்படுத்தாமலே பயன்படுத்தியதாகக் கையெழுத்திடுவதும், குடித்துவிட்டு வேலைக்கு வருவதும், பிழையைத் தெரிந்தே மறைப்பதும் தண்டிக்கப்படும். இடைப்பட்ட நிலைக்கு ஒரு நல்ல சோதனை உண்டு: அதே திறமையும் பயிற்சியும் உள்ள இன்னொருவரை அதே நேரத்தில், அதே வெளிச்சத்தில், அதே அவசரத்தில் நிறுத்தினால் அவரும் அதையே செய்திருப்பாரா? ஆம் என்றால் கோளாறு சூழலில் இருக்கிறது. இந்தத் தாளில் இயக்குநர் கையெழுத்திட வேண்டும். அதை அவரே எல்லார் முன்னிலையிலும் படித்துச் சொல்ல வேண்டும். அவர் ஆங்கிலத்தில் பேசினால் பக்கத்திலேயே ஒருவர் தமிழில் சொல்லட்டும்.

அறிவிக்கும் வழியை எளிதாக்குங்கள். கைப்பேசியில் தமிழில் பேசி அனுப்பினால் போதும் என்று வையுங்கள். கேட்டு எழுதுவதும் மொழிபெயர்ப்பதும் உங்கள் வேலை. பெயர் சொன்னால் பெயர் உங்களோடு நிற்கும் என்று வாக்குக் கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். பெயரில்லாத தாளையும் ஏற்றுக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்குள் சொல்ல அஞ்சுபவருக்கு வெளியே வழி உண்டு என்பதையும் அறிவிப்புப் பலகையில் போடுங்கள். சிங்கப்பூரில் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைப் பிரிவு நடத்தும் சின்கேர் என்ற ரகசிய அறிவிப்புத் திட்டம் அதற்கென்றே இருக்கிறது. சில முதலாளிகள் இதை ஊழியர்களுக்குச் சொல்லத் தயங்குவார்கள். சொல்லுங்கள். உள்ளே நம்பிக்கை வளர்ந்தால் வெளியே போக அவர்களுக்கே தோன்றாது.

அடுத்தது பதில். வந்த ஒவ்வொரு அறிவிப்புக்கும் மூன்று நாளுக்குள் அந்த மனிதரிடம் நேரில் போய், "பார்த்துவிட்டேன், இன்னது செய்யப் போகிறேன்" என்று சொல்லுங்கள். முடிந்த பிறகு என்ன மாறியது என்று காட்டுங்கள். எதுவும் செய்ய முடியாவிட்டால் அதற்கான காரணத்தைச் சொல்லுங்கள். தண்ணீர் இயந்திரம் பற்றிய அந்தத் தாள் பாதுகாப்பு அறிவிப்பு இல்லைதான். ஆனால் உங்கள் ஊழியர்களில் யாரோ ஒருவர் இந்தப் பெட்டி வேலை செய்கிறதா என்று அதை வைத்துப் பார்த்திருக்கிறார் என்றே நான் நினைக்கிறேன். இயந்திரத்தை நாளைக்கே பழுதுபாருங்கள். பக்கத்தில், "பெட்டியில் வந்த தாளின்படி சரிசெய்யப்பட்டது" என்று எழுதி ஒட்டுங்கள். அடுத்த தாள் முக்கியமானதாக இருக்கும்.

இனி இடர் மதிப்பீடு. சிங்கப்பூரில் பல நிறுவனங்கள் தடுக்கி விழும் இடம் இது. இங்கே 2006-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி எல்லாப் பணிமனைகளிலும் ஏற்கெனவே இடர் மதிப்பீட்டுப் படிவங்கள் இருக்கின்றன. அவற்றையே நகலெடுத்துத் தலைப்பை மாற்றிப் பாதுகாப்பு மேலாண்மைக் கோப்பில் வைத்துவிடுகிறார்கள். அந்தச் சட்டம் உங்கள் ஊழியரின் விரலையும் நுரையீரலையும் காக்கிறது. அது மிக அவசியம். விமானப் பாதுகாப்பு மேலாண்மை, நீங்கள் ஒருமுறைகூடப் பார்க்காத விமானத்தில் உட்கார்ந்திருக்கும் பயணியைக் காக்கிறது. கரைப்பானின் ஆவி ஊழியரின் கண்ணை எரிப்பது முதல் கோப்பு. அதே கரைப்பானின் மிச்சம் வால்வுக்குள் தங்கிவிடுவது இரண்டாம் கோப்பு. ஒரே ஆள் இரண்டையும் பார்க்கலாம், ஆனால் கேள்வி வேறு.

உங்கள் தொழிலிலிருந்தே ஒன்றை எடுத்து முழுக்கச் செய்து பார்ப்போம். பெரிய பயணி விமானங்களின் ஹைட்ராலிக் அமைப்பில் ஸ்கைட்ரால் போன்ற பாஸ்பேட் எஸ்டர் திரவம் ஓடுகிறது. அதற்கு எத்திலீன் புரோப்பிலீன் ரப்பர் வளையங்கள் வேண்டும். சிறிய விமானங்கள் பலவற்றில் சிவப்பு நிறக் கனிம எண்ணெய் ஓடுகிறது. அதற்கு நைட்ரைல் ரப்பர் வேண்டும். ஒன்றின் வளையத்தை மற்றொன்றில் போட்டால் ரப்பர் ஊதி, மென்மையாகி, கசியத் தொடங்கும். இரண்டும் கறுப்பு, இரண்டும் வட்டம், அளவும் ஒன்றாகவே இருக்கலாம். உறையைப் பிரித்து மேசையில் வைத்துவிட்டால் கண்ணால் பிரித்தறிய முடியாது.

இதில் ஆபத்துக் காரணி எது? "விமானம் கட்டுப்பாட்டை இழக்கும்" என்று பலர் எழுதுவார்கள். அது விளைவு. "ஊழியர் கவனக்குறைவு" என்று சிலர் எழுதுவார்கள். அது குற்றச்சாட்டு. தோற்றத்தில் ஒன்றாக இருக்கும் இருவகை வளையங்கள் ஒரே மேசையில் உறையின்றிக் கிடக்கின்றன என்பதுதான் ஆபத்துக் காரணி. அப்படி எழுதினால் தீர்வு தானாகத் தெரியும். பிறகு அனைத்துலக அமைப்பின் கையேடு காட்டும் அட்டவணையில் நிகழ்வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை எண், கடுமைக்கு ஐந்து எழுத்துகளில் ஒன்று. இந்தக் கட்டத்தில் நேரத்தை வீணாக்காதீர்கள். 3 என்று போடுவதா 4 என்று போடுவதா என்று அறைக்குள் வாதாடும் நேரத்தைக் கட்டுப்பாடுகளைப் பற்றி மேசையருகே நின்று பேசச் செலவிடலாம்.

கட்டுப்பாடு என்றதும் "ஊழியர்களுக்கு நினைவூட்டல்" என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நினைவூட்டல் மிகப் பலவீனமான மருந்து. முடிந்தால் இரண்டு வகை வேலைகளையும் வெவ்வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு வேலைக்கும் தேவையான வளையங்களைச் சேமிப்பறையிலேயே எண்ணி, மூடிய பொதியாகக் கொடுங்கள். பொருத்தும் கணம்வரை உறை பிரியக்கூடாது. மிஞ்சியவை மேசையில் தங்கக்கூடாது. வேலைத்தாளில் உறையின் பட்டைக்குறியீட்டை வருடினால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும் என்று வையுங்கள். இவற்றுக்குப் பணம் வேண்டும், அதற்குத்தான் இயக்குநர் அந்த மாதக் கூட்டத்தில் உட்கார வேண்டும் என்றேன்.

கண்ணால் ஒப்பிட்டுப் பாகத்தை எடுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1990 ஜூன் 10 சாட்சி. பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்குப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் முன்கண்ணாடி 17,300 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. சிப்பந்திகள் கால்களைப் பிடித்துக்கொண்டார்கள், துணை விமானி விமானத்தை இறக்கினார், கேப்டன் பிழைத்தார். அதற்கு முன் ஓர் இரவுப் பணியில் கண்ணாடியை மாற்றிய ஷிப்ட் மேலாளர், பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மங்கிய வெளிச்சத்தில், அதைப்போன்றவற்றைத் தேடி எடுத்திருந்தார். பொருத்திய 90 போல்ட்டுகளில் 84 விட்டம் குறைந்தவை, மற்ற 6 நீளம் குறைந்தவை. அவர் அனுபவசாலி, அக்கறையுள்ளவர். சுற்றியிருந்த எதுவும் அவரைத் தடுத்து நிறுத்தவில்லை.

கண்காணிப்புக் குறியீடுகளைப் பற்றிச் சிறிதளவு. "விபத்து: பூஜ்யம்" என்பதை இலக்காக வைக்காதீர்கள். உங்கள் அளவிலான பணிமனையில் அந்த எண் வருடக்கணக்கில் பூஜ்யமாகவே இருக்கும். அதிலிருந்து எதுவும் கற்க முடியாது. தானாக வந்த அறிவிப்புகள் எத்தனை, பதில் சொல்ல எத்தனை நாள் ஆயிற்று, அளவீட்டுச் சான்று காலாவதியான கருவிகள் எத்தனை, வாடிக்கையாளரிடமிருந்து சீக்கிரமே திரும்பி வந்த பாகங்கள் எத்தனை, மிகைநேரம் எவ்வளவு என்பவை போதும். முதல் ஆண்டில் அறிவிப்புகளின் எண்ணிக்கை ஏறும். அது நல்ல செய்தி என்று இயக்குநரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் வரைபடத்தைப் பார்த்துப் பயந்துவிடுவார்.

மாற்ற மேலாண்மைக்கு உங்கள் கையேட்டில் ஒரு படிவம் இருக்கும். புதிய இயந்திரம் வந்தால் நிரப்புவார்கள். பெரிய மாற்றங்களுக்கு யாரும் படிவம் நிரப்புவதில்லை என்பது என் கவலை. சாங்கியில் 2019-இல் 6.83 கோடிப் பயணிகள் வந்துபோனார்கள். 2021-இல் அது ஏறத்தாழ 30 லட்சமாகச் சரிந்தது. 2023-இல் மீண்டும் 5.89 கோடி. இந்த இறக்கத்திலும் ஏற்றத்திலும் எத்தனை அனுபவசாலிகள் ஊருக்குத் திரும்பினார்கள், வேறு தொழிலுக்குப் போனார்கள்! அவர்கள் கையிலிருந்த பழக்கமும் எழுதப்படாத அறிவும் அவர்களோடு போய்விட்டன. உங்கள் பணிமனையில் கடந்த சில ஆண்டுகளில் வந்தவர்கள் பாதிப்பேர் என்றால், அதுவே முதலில் மதிப்பிட வேண்டிய மாற்றம். இரவு ஷிப்டில் இரண்டு புதியவர்கள் மட்டும் சேர்ந்து நிற்கிறார்களா என்று இன்றே பணிப் பட்டியலைப் பாருங்கள்.

நடந்த ஒன்றிலிருந்து எவ்வளவு விரைவில் கற்கலாம் என்பதற்கும் இங்கேயே உதாரணம் உண்டு. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் எஸ்கியூ321, மியன்மாரின் மேலே கடும் காற்றுக் குலுக்கலில் சிக்கி பேங்காக்கில் இறங்கியது. ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தார்கள். இறுதி அறிக்கைக்குக் காத்திராமல், இருக்கைவார் விளக்கு எரியும்போது உணவு பரிமாறுவதையும் நிறுத்துவது என்று சில நாள்களிலேயே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நடைமுறையை மாற்றியது. உங்கள் பணிமனையிலும் விசாரணை முடியட்டும் என்று காத்திருக்காமல், அன்றே செய்யக்கூடிய தற்காலிகக் கட்டுப்பாடு ஒன்று எப்போதும் இருக்கும்.

நெருக்கடிகாலத் திட்டம், ஆவணப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஆலோசகரின் கையேடு போதும். தொலைபேசி எண்கள் இன்றைக்கும் சரியா என்று மட்டும் பாருங்கள். பயிற்சியை ஊழியரின் மொழியில் நடத்துங்கள். நாள் முழுதும் படவில்லைகளைக் காட்டுவதைவிட, ஷிப்ட் தொடக்கத்தில் பத்து நிமிடம், போன வாரம் இங்கே வந்த ஓர் அறிவிப்பைப் பற்றிப் பேசுவது மேல்.

தணிக்கைக்குக் கையேடு போதுமா என்றீர்கள். நல்ல ஆய்வாளர் உங்கள் அறையில் அதிக நேரம் உட்கார மாட்டார். மேசையில் குனிந்து வேலை செய்யும் ஒருவரிடம் போய், "கடைசியாக எதைப் பற்றி எழுதிக் கொடுத்தீர்கள்? பிறகு என்ன ஆயிற்று?" என்று கேட்பார். இயக்குநரிடம், "உங்கள் நிறுவனத்தின் மிகப் பெரிய மூன்று இடர்கள் எவை? அவற்றுக்கு எவ்வளவு செலவிட்டீர்கள்?" என்று கேட்பார். அவர் உங்களைத் திரும்பிப் பார்த்தால் ஆய்வாளருக்குப் பதில் கிடைத்துவிடும்.

கடைசியாக அங்கீகாரங்கள். மூன்று அமைப்புகள் வேண்டாம், ஒன்றே போதும். சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் பராமரிப்பு நிறுவனங்களுக்கு வைத்திருக்கும் எஸ்ஏஆர்-145 விதியை அடித்தளமாக வையுங்கள். ஐரோப்பிய விதி 2022 டிசம்பர் 2 முதல் பராமரிப்பு நிறுவனங்களுக்கும் பாதுகாப்பு மேலாண்மையைக் கட்டாயமாக்கியது. ஏற்கெனவே அங்கீகாரம் பெற்றிருந்தவர்களுக்கு 2024 டிசம்பர் 2 வரை அவகாசம் தந்தது. அது முடிந்துவிட்டது, ஆகவே அந்தப் பகுதியைத் தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்கா பெரிய விமான நிறுவனங்களுக்கு 2015-இல் விதித்து, 2024-இல் வாடகை விமான நிறுவனங்கள், தயாரிப்பாளர்கள் பலருக்கும் நீட்டித்தது. பழுதுபார்க்கும் நிலையங்களை அந்த நீட்டிப்பில் கட்டாயத்துக்குள் கொண்டுவரவில்லை. மூன்றின் தேவைகளையும் பக்கம் பக்கமாக வைத்து, உங்கள் கையேட்டின் எந்தப் பத்தி எதற்குப் பதில் என்று ஓர் ஒப்பீட்டு அட்டவணை போடுங்கள். பொறுப்பு நிர்வாகியாக எல்லா ஆணையங்களிடமும் ஒரே பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள். ஓர் அங்கீகாரத்தில் மட்டும் எப்போதோ விலகிய பழைய இயக்குநரின் பெயர் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அதைத் திருத்தி முடிக்கும்வரை ஆய்வு அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை.